சாம்பசிவன் எதிர்ப்படாத ஒரு வீடு

கிழக்குத் தாம்பரம்,
வியாழக்கிழமை

அன்புத் தம்பி அச்சுதனுக்கு, அண்ணன் தோத்தாத்ரி நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் மன்னி ரோஹிணியும் சௌக்கியம். போனில் பேசினால் மன்னி காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம். கோவிலம்பாக்கத்தில் எனக்கு உடனே ஒரு வாடகை வீடு பார்.

காரணம் எதிர்வீட்டு சாம்பசிவன். இருபது வருஷமாக அவரோடுதான் காலை நடை. பிப்ரவரியில் அவர் மனைவி ஞானாம்பாள் காலமானார். நான் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. மூன்று தடவை கேட் வரை போனேன், வாசல் நிறையச் செருப்பு, அத்தனை பேர் முன்னால் என்ன பேசுவதென்று திரும்பிவிட்டேன். உன் மன்னியோ விறுவிறுவென்று உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். "செருப்பா? நான் பாக்கவேயில்லையே. சாம்பசிவன் சார் மூஞ்சிதான் தெரிஞ்சுது" என்கிறாள். எனக்குச் செருப்புதான் தெரிந்தது, முப்பத்தொரு ஜோடி. பதிமூன்று நாளும் கழிந்தபின் எந்த முகத்தோடு போவது? அவரோடு சேர்ந்து நடக்காமல் தப்பிக்க, காலனி பூங்காவில் எல்லோரும் வலமாகச் சுற்ற, நான் மட்டும் இடமாகச் சுற்ற ஆரம்பித்தேன். இப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நேருக்கு நேர் வருகிறார். ஒவ்வொரு தடவையும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து இடுப்பே பிடித்துக்கொண்டது. ஒளிவதற்காக அவரையே கவனித்துக் கவனித்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவது, இடது காலை இழுத்து நடப்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது அச்சுதா. மாடி வீடானாலும் பரவாயில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெருமாள் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அண்ணன்,
தோத்தாத்ரி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. இன்று காலை அவர் பூங்காவுக்கு வரவில்லை. நடந்த நாற்பது பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு சுற்று முழுக்கக் குனிய வேலையில்லாமல் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். "வாங்க சார். காபி போடத் தெரியுமா? அவ எனக்குச் சொல்லியே குடுக்கல" என்றார். எனக்கும் தெரியாது. உன் மன்னிக்குப் போன் செய்து கேட்டுக் கேட்டுப் போட்டேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே குடித்தோம். வீடு பார்க்க வேண்டாம். கால் சரியானதும் அவரும் என்னோடு இடமாகவே நடக்கிறாராம். கூட நடக்கிறவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்தே அவரைக் களைத்துப்போக வைத்துவிட்டார்களாம். விசாரிக்காதவன் நான் ஒருவன்தானாம்.