குராமொச்சி மாமா உயர்த்திய கிண்ணம்

சொல்லுக்கு வேர் தோண்டும் இனம் ஒன்று உலகில் உண்டு. நீங்கள் தாகத்தில் தவித்தால், தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விளக்கும் இனம். ஜப்பானின் கோபே நகரில் அந்த இனத்துக்குத் தலைவர் குராமொச்சி மாமா.

தங்கை மகள் சிஸுருவின் கல்யாண விருந்தில் முதல் கிண்ணம் உயர்த்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் "கம்பாய்" சொல்லும்வரை ஒருவரும் ஒரு துளி பருகக் கூடாது. மாமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சிஸுருவுக்குத்தான் கவலை. மாப்பிள்ளை வென்பின் சீனத்துச் சிங்தாவ்காரன். அவனுடைய அப்பா அரைமனதாகத்தான் சம்மதித்திருந்தார். "ஜப்பான்காரங்க நல்லாச் சிரிப்பாங்க, மனசைத் திறக்கமாட்டாங்கடா" என்பது அவர் கட்சி. ஆனாலும் ஊர்ச் சோளச் சாராயத்தைச் சுமந்து வந்து, தம் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றியிருந்தார்.

மாமா கனைத்தார்.

"கம்பாய்ங்கிறது சீனத்துலேருந்து வந்த சொல்லு. அவங்க வாயில கான்பெய். கிண்ணம் காயணும்னு அர்த்தம்! அடியில ஒரு சொட்டு நின்னாலும் அன்புல குறைதான்..."

அங்கிருந்து பழைய அரச வம்சங்களுக்குப் போனார், கவிஞர்களிடம் தங்கினார், கப்பலேறி ஜப்பான் வந்தார். கிண்ணம் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. மீன் ஆறியது.

"அண்ணே, கை மரத்துப்போச்சு!" என்றாள் சிஸுருவின் அம்மா.

வென்பின் அத்தனையையும் அப்பாவின் காதில் மொழிபெயர்த்தான். பெரியவர் முகம் மலர்ந்தது. நம்ம வழக்கம் தெரிஞ்ச மனுஷன்!

"கம்பாய்!"

பெரியவர் ஒரே மடக்கில் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். மாமா? ஜப்பான் பழக்கப்படி உதட்டை நனைத்துவிட்டு, தளும்பத் தளும்பக் கீழே வைத்தார்.

பெரியவரின் சிரிப்பு வாடியது. "பாத்தியாடா?" என்றார் மகனிடம்.

சிஸுருவுக்குச் சீனமொழி தெரியாது. அந்த முகம் தெரிந்தது. பட்டு அங்கி தரையில் புரள ஓடி வந்து, மாமாவின் கிண்ணத்தை எடுத்தாள்.

"அது எனக்கு ஊத்தினதும்மா!"

"உங்களுக்கு அர்த்தம் போதும் மாமா."

ஒரே மூச்சு. கண்ணில் நீர் பெருகியது. சாராயத்தாலா, நெஞ்சு நிறைந்ததாலா, யார் கண்டது? கவிழ்த்தாள். ஒரு சொட்டில்லை.

"என் மகளே!" என்று பெரியவர் போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மாமா எழுந்தார். "கிண்ணத்தைக் கவிழ்க்கிறதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், அடுத்த விருந்தில் பக்கத்து இலைக்காரரிடம் "கம்பாய்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்பதற்காக, இப்போதே அதை மனத்தில் முடிந்துகொண்டவர் யார்?