வீட்டையே கண்டெடுத்தவள்

கண்டெடுப்பாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில், காட்சிக்கலை மற்றும் வடிவமைப்புத் துறை என்று பலகை தொங்கும் கட்டடங்களில், மூன்றாம் ஆண்டு வாக்கில் இது உருவாகிறது. அதே கட்டடத்தில் வேறு இனங்களும் உண்டு. கறுப்புச் சட்டையைத் தவிர வேறெதையும் உடுத்தாதவர், கணினியின் முன்னால் தூங்கிக்கொண்டே எழுத்துருவைப் பற்றிப் பேசக்கூடியவர், தான் வரைந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றித் தெளிவான கருத்து உள்ளவர். இவர்களால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. கண்டெடுப்பாளர் அப்படியல்ல. அவர் வீட்டுக்கு வருவார். வந்தால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

முதலாண்டில் இவரும் எல்லோரையும் போலத்தான் இருப்பார். ஒரு ஜாடி, ஒரு மடித்த துணி, ஓர் ஆப்பிள் ஆகியவற்றைக் கரிக்கோலால் வரைந்துவிட்டு ஆப்பிளைத் தின்பார். இரண்டாம் ஆண்டில் வண்ணம் பூசுவார், தன் சட்டைக்கும் சேர்த்து. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "நாற்காலிய எதுக்கும்மா வரையற? நாற்காலியே இருக்கே" என்று சொல்லிவிடுவார். தீர்ந்தது கதை. நாற்காலியே இருக்கிறது. எங்கே இருக்கிறது? வீட்டில் இருக்கிறது.

கலையுலகில் இதற்குக் கண்டெடுத்த பொருள் என்று பெயர். சும்மா கிடக்கும் ஒரு பொருளைக் கலைஞன் கண்டு, எடுத்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்தால் அது கலையாகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கவனித்த வரையில், கண்டெடுப்பாளர் ஒரு பொருளைக் கண்டெடுக்கும் நேரமும் அவருடைய அம்மா அதைத் தொலைக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன.

கண்டெடுப்பாளரை அடையாளம் காண்பது எளிது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர்களைப் பார்க்க மாட்டார். மேசையின் கால்களைப் பார்ப்பார். பையில் ஓர் இன்ச் டேப்பும் கொஞ்சம் வெள்ளை அட்டைகளும் இருக்கும். பொருளைத் தடவிப் பார்ப்பார், இரண்டடி பின்னால் போவார், தலையைச் சாய்ப்பார், பெருமூச்சு விடுவார், "இதுல ஒரு வாழ்க்கை இருக்கு" என்பார். அதற்குப் பிறகு மிக மரியாதையாக ஒரு கேள்வி: "இதை யாராவது யூஸ் பண்றீங்களா?" நீங்கள் என்ன பதில் சொன்னாலும் ஒன்றுதான். பெயர், பொருள், ஆண்டு என்று மூன்று வரி எழுதிய வெள்ளை அட்டை ஒட்டப்பட்டுவிட்டால் அந்தப் பொருளுக்கும் உங்களுக்கும் இருந்த உறவு அறுந்தது. கடையில் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சிப் பாருங்கள். "அது இன்னும் வாழவே இல்லையே" என்று பரிதாபப்படுவார்.

இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்காவுக்கு ஒரு மகள். அவர்களுடைய வீட்டுக்கு நேர் மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் மறித்துக்கொண்டு, "மாமா, உங்க சட்டையில ஒரு சோகம் இருக்கு" என்றாள் அவள். தாய்மாமனுக்கு மறுக்கும் உரிமை ஏது? பனியனோடு மேலே ஏறிப் போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் நான் தப்பித்தவன். கீழ் வீட்டைக் கேளுங்கள்.

முதலில் ஒரு கரண்டி போயிற்று. பிறகு இஸ்திரிப் பெட்டி. பிறகு துணிக்கொடி, அதில் காய்ந்துகொண்டிருந்த துணிகளோடு. அக்கா திருடன் வந்துவிட்டான் என்று தெருவையே கூட்டிவிட்டாள். மகள் சாவகாசமாக வந்து, "கொடியை மட்டும் எடுத்தா அர்த்தம் வராதும்மா" என்று விளக்கினாள். பிறகு சாப்பாட்டு மேசை. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உடம்புக்கு நல்லது என்று ஆறுதல் சொன்னேன். அக்கா முறைத்த முறைப்பில் சொன்ன ஆறுதலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அத்தானின் நாற்காலி. அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பகலெல்லாம் நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களின் வசவை வாங்கிக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றி, பையை மாட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சன்னல் பக்கம் பின்னோக்கி உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து அங்கே ஒரு நாற்காலி இருந்து வந்தது. அன்று இல்லை. மனிதர் மல்லாந்து விழுந்த சத்தம் மாடிக்குக் கேட்டது. நான் ஓடிவந்து பார்த்தபோது, அக்கா தூக்கிவிடக் குனிகிறாள், மகளோ ஃபோனைக் கையில் பிடித்தபடி, "அப்பா, அப்படியே இருங்க! அசையாதீங்க! இப்ப உங்களுக்கு நாற்காலியோட இல்லாமை புரிஞ்சுதா இல்லையா?" என்கிறாள்.

"நல்லா புரிஞ்சுதும்மா. இடுப்புல புரிஞ்சுது" என்றார் அத்தான்.

அவர் நல்ல மனிதர். நானாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

இதற்கெல்லாம் விடிவு ஒன்றே ஒன்றுதான் என்று எங்களுக்குத் தெரிந்தது. இறுதியாண்டுக் கண்காட்சி. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் பார்த்துத் தலையசைத்தால் பட்டம், பட்டம் கிடைத்துவிட்டால் பொருள்களெல்லாம் வீடு திரும்பும். தலையசைக்காவிட்டால்? இன்னும் ஓர் ஆண்டு படிக்க வேண்டும். "இன்னும் ஒரு வருஷமா? சுவரை உரிச்சுக்கிட்டுப் போயிடுவாடா" என்று அக்கா கலங்கிப்போனாள். ஆகவே மகள் பாஸாக வேண்டும் என்று அவளைவிட நாங்கள்தான் துடித்தோம்.

அந்த நேரத்தில் பேராசிரியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அரங்கில் அடுக்கியிருந்த பொருள்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடியை மறுபடி தலையில் ஏற்றி, "எல்லாம் சரிதான். ஆனா இன்னும் வீடு வரலியே" என்றாராம். அன்று மாலை மகள் அழுதுகொண்டே வந்தாள். வாசலில் நின்று கதவைத் தடவினாள். இரண்டடி பின்னால் போனாள். தலையைச் சாய்த்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டாள்: "எடுத்துக்கோடி. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. அதோட அடுப்பையும் எடுத்துக்கோ. பாஸாயிடு, அது போதும்."

மறுநாள் தச்சர் வந்து கீல்களைக் கழற்றினார். "என்ன சார், புதுக் கதவு போடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இந்தக் கதவு காலேஜுக்குப் போகுது" என்றார் அத்தான்.

"நல்லது சார். எங்க வீட்டுல யாருமே அவ்வளவு தூரம் போகல" என்று கதவை மரியாதையாகத் தோளில் ஏற்றிக்கொண்டார் தச்சர். வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். காலிங் பெல்லும் கூடவே போய்விட்டதால் வருகிறவர்கள் எல்லோரும் போர்வையின் முன்னால் நின்று இருமினார்கள்.

கண்காட்சி நாள் வந்தது. அரங்கத்துக்குள் நுழைந்தோம். அசந்துபோனேன் ஐயா. வீடு அப்படியே இருந்தது. கதவு, அடுப்பு, மேசை, கொடி, கொடியில் அத்தானின் வேட்டி, அரங்கின் சன்னல் பக்கம் நாற்காலி. சுற்றிலும் ஒரு கயிறு. "தொடாதீர்கள்" என்று ஒரு பலகை. காவலுக்கு ஓர் ஆள். தங்கள் வீட்டுக்கு வெளியே, கயிற்றுக்கு இந்தப் பக்கம், குடும்பமே விருந்தாளி மாதிரிக் கைகட்டி நின்றது.

அக்காவின் கண் நேராக அடுப்புக்குப் போயிற்று. அதன் ஓரத்தில் ஒரு பழைய எண்ணெய்க் கறை. மகள் அதைத் துடைக்காதது மட்டுமல்ல, அதற்குத் தனியாக ஓர் அட்டை வேறு வைத்திருந்தாள்: "கறை. எண்ணெய், நெருப்பு, காலம்."

"அடிப்பாவி, நாலு பேர் வந்து போற இடத்துல!" என்று கைக்குட்டையை எச்சில் தொட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள் அக்கா.

"அம்மா, தொடாதீங்க! அதுதான் ரொம்ப முக்கியமான பகுதி!"

"எனக்குத் தெரியும் எது முக்கியம்னு. நகரு."

காவலாள் அக்காவைத் தடுக்க ஓடினான். கறை இருந்த இடம் பளபளவென்று ஆயிற்று. இந்தக் கலவரத்தில் அத்தானை யாரும் கவனிக்கவில்லை. அவர் அன்றும் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். சன்னலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், பையை மாட்டினார், திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறு நிமிடம் தூங்கிப்போனார்.

தேர்வாளர் அம்மையார் நுழைந்தது அப்போதுதான். பின்னால் பேராசிரியர். அம்மையார் அடுப்பைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. நேராக அத்தானிடம் போனார். ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து குறட்டையைக் கேட்டார்.

"இது என்ன?" என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். எழுப்பியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டுக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவள் எழுப்பவில்லை. முதல்முறையாக, ஒரு பொருளின் காலைப் பார்க்காமல் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணத்தில் எனக்கு அவள்மேல் சொல்லி முடியாத பிரியம் வந்தது. தூங்கட்டும், ஃபெயிலானாலும் பரவாயில்லை என்று நினைக்கிறாள் பெண் என்று தொண்டை அடைத்தது.

"இதுவும் கண்டெடுத்ததுதான் மேடம்" என்றாள் அவள்.

"எங்கே?"

"வீட்டுலதான்."

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து எழுதி அத்தானின் சட்டைப் பையில் செருகினாள்: "அப்பா. துணி, எலும்பு, பொறுமை." அடைத்த தொண்டை அதே வேகத்தில் திறந்துகொண்டது எனக்கு.

முதல் வகுப்பு. முதல் பரிசு. அக்கா அங்கேயே என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்ப நாளைக்கே வண்டி சொல்லிடுடா, எல்லாத்தையும் ஏத்திடலாம்" என்றாள். அப்போதுதான் பேராசிரியர் கைகூப்பிக்கொண்டு வந்து பரிசு என்னவென்று சொன்னார். படைப்பு முழுவதையும் துறையின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துவிட்டார்களாம். நிரந்தரம் என்றால்? இனி அது அங்கேயேதான் இருக்கும். கதவு, அடுப்பு, மேசை, நாற்காலி, எல்லாம். அத்தானை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பராமரிப்பு கட்டுப்படியாகாதாம்.

அக்கா ஒரு வாரம் போர்வை தொங்கும் வீட்டில் தரையில் உட்கார்ந்து யோசித்தாள். தாயைப் போலப் பிள்ளை என்பார்கள்; இந்தப் பிள்ளையைப் போலத் தாய் ஆனதை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை தச்சரையும், ஸ்க்ரூடிரைவரோடு அத்தானையும், சாட்சிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு துறைக்குப் போனாள். கையில் ஓர் இன்ச் டேப்பும் ஒரு கட்டு வெள்ளை அட்டையும்.

பேராசிரியரின் அறை. அவர் எழுந்து நின்று வணங்கினார். எழுந்ததுதான் தவறு. அக்கா அவருடைய நாற்காலியைத் தடவினாள். இரண்டடி பின்னால் போனாள். தலையைச் சாய்த்தாள்.

"சார், இதுல ஒரு வாழ்க்கை இருக்கு" என்றாள். "இதை யாராவது யூஸ் பண்றீங்களா?"

"அம்மா, அது நான் உட்கார்ற நாற்காலி..."

"அதனாலதான் சார் கேக்கறேன். கடையில இருக்கறது இன்னும் வாழவே இல்லையே."

பேராசிரியர் உதவிக்குத் திரும்பிப் பார்த்தார். முப்பது பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கற்பித்த பாடமே அவர் எதிரில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி போயிற்று, மேசை போயிற்று, காபி போடும் அடுப்பு போயிற்று. கடைசியில் தச்சர் அறைக்கதவின் கீல்களைக் கழற்றும்போது பேராசிரியர் தாங்க முடியாமல், "கதவு எதுக்கும்மா?" என்றார்.

"இன்னும் வீடு வரல சார்" என்றாள் அக்கா.

இப்போது கீழ் வீடு நன்றாக இருக்கிறது. கதவில் பேராசிரியரின் பெயர்ப்பலகை இருப்பதால் எப்போதாவது மாணவர்கள் சந்தேகம் கேட்க வருகிறார்கள், அக்கா தீர்த்துவைக்கிறாள். பேராசிரியரும் ஒரு முறை வந்தார். பழக்கதோஷத்தில் உட்காரப் போனவரை, "தொடாதீங்க சார்" என்று தடுத்துவிட்டாள். மகள் மட்டும் கொஞ்சம் வாடித்தான் போயிருக்கிறாள். அம்மாவின் வேலையில் தன்னுடையதைவிட ஆழம் அதிகம் என்கிறாள்.

நல்லவேளை, நம் வீட்டில் யாரும் அந்தத் துறைப் பக்கம் போகவில்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, பசியோடு தட்டில் கை வைக்கப் போன பிள்ளையை "இரு, இரு, தொடாதே, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்று நிறுத்திச் சோற்றை ஆறவைத்தது யார்? குழந்தை நடை பழகித் தடுக்கி விழுந்தபோது, தூக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கணம் உங்கள் கை எதைத் தேடிப் போயிற்று?

நீங்கள் அந்த இனம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சந்தேகம் தீர ஒரு சின்னச் சோதனை மட்டும் செய்துவிடுங்கள். இன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது பாருங்கள். உங்களைக் கண்டதும் வீட்டில் இருப்பவர்கள் எழுந்து வருகிறார்களா, அல்லது எழுந்திருக்காமல் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொள்கிறார்களா?