சைரன் அக்காவின் அமெரிக்க ஷூ

உலகத்திலேயே ஒருத்தியைக்கூடக் கையும் களவுமாகப் பிடிக்காமல் வேலை பார்த்த ஒரே லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் எங்கள் சைரன் அக்காதான். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்ல நான் தயார். மலையாள மண்ணில், எங்கள் ஹாஸ்டல் இருந்த கரமனை ஆற்றங்கரையில் மழை வரப்போவதைத் தவளை சொல்லும். அக்கா வரப்போவதை அவருடைய இடது கால் ஷூ சொல்லும். தவளையாவது சில நாள் ஏமாற்றும். ஷூ ஏமாற்றியதே இல்லை.

அக்காவுக்கு மார்த்தாண்டம் பக்கம் ஊர். ஐம்பதைத் தாண்டிய வயது, கஞ்சி போட்ட காட்டன் சேலை, அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. குதிகால் வலிக்கு டாக்டர் சொன்ன வைத்தியமாம் அது. எங்கள் ஹாஸ்டலுக்கோ தேய்த்துத் தேய்த்து மினுங்கும் சிவப்பு சிமெண்ட் தரை. வலது கால் சாதுவாக வரும். இடது கால் ஒவ்வொரு அடிக்கும் ‘கிறீச்’ என்று அலறும். மாடிப்படியில் முதல் கிறீச் கேட்டால், கடைசி அறைக்கு அவர் வந்து சேர்வதற்குள் ஒரு குடித்தனத்தையே ஒளித்துவிடலாம்.

நாங்கள் ஒளித்ததும் குடித்தனம்தான். என் அறைத்தோழி பிரேமா பாளையங்கோட்டைக்காரி. மெஸ்ஸின் குண்டரிசிச் சோறும் தேங்காயெண்ணெய்த் தாளிப்பும் அவள் தொண்டையில் இறங்க மாட்டேன் என்றன. அதனால் கட்டிலுக்கடியில் கரண்ட் அடுப்பு, நல்லெண்ணெய் பாட்டில், அஞ்சறைப்பெட்டி என்று தனிச் சமையலறையே நடத்தினாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ரசம் வைப்பாள். மாடியில் இருக்கிற அத்தனை பேரும் டம்ளரோடு வந்து நிற்பார்கள். கிறீச் கேட்டதும் அடுப்பு பால்கனிக்குப் போய், கவிழ்த்த வாளிக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். முதலில் பிளாஸ்டிக் வாளியைத்தான் கவிழ்த்தோம். அது உருகி அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்ட பிறகு அலுமினிய வாளி வாங்கினோம்.

அறையில் சமைப்பது அங்கே பெரிய குற்றம். பார்த்தால் வார்டன் ஹாஸ்டல் செக்ரட்டரியிடம் சொல்ல வேண்டும்; அவர் பெண்ணின் வீட்டுக்கு போன் போடுவார். பிரேமா வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு போன் போயிருந்தது. இரண்டும் அக்கா லீவில் போனபோது வந்த மாற்று வார்டனின் உபயம். அந்தம்மா ஹவாய் செருப்பில் பூனை மாதிரி வருவார். “இன்னொரு போன் வந்துச்சுன்னா வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பொட்டியக் கட்டிட்டு வந்து சேரு” என்று பிரேமாவின் அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள். ஊரில் மாப்பிள்ளை வேறு பார்த்து வைத்திருந்தார். இவளுக்கோ கம்ப்யூட்டர் கம்பெனியில் அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. வேலையை விட்டுப் போ என்றால் உயிரை விட்டுப் போ என்று சொன்ன மாதிரி அழுவாள். ரசத்தை மட்டும் விட மாட்டாள்.

அக்கா அறைக்குள் வந்ததும் மூக்கைத் தூக்குவார்.

“என்னட்டி மணம்?”

“ரூம் ஸ்பிரேக்கா” என்பாள் பிரேமா.

“காயம் போட்ட ஸ்பிரேயா?”

“புதுசா வந்திருக்குக்கா.”

“கொள்ளாமே! எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுட்டி. எனக்க ரூம்ல ஒரே பாச்சா நாத்தம்.”

கரப்பானை அவர் ஊரில் பாச்சா என்பார்கள். அவர் போனதும் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். இவ்வளவு வெள்ளந்தியான மனுஷியை வார்டனாகப் போட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துவோம்.

வெள்ளந்தி என்றதும் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை பஸ்ஸில் எங்கள் ஹாஸ்டல் பெண்ணை இடித்துக்கொண்டே வந்த ஒருவனை அக்கா கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆதாம் ஏவாளில் ஆரம்பித்துக் கதை சொன்னார். அவன் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. நோவா கப்பலில் ஏறும்போது பஸ் கடைசி ஸ்டாப்பான தம்பானூர் வந்து சேர்ந்தது. இறங்கிய பயல் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

அப்பேர்ப்பட்ட அக்காவின் ஷூவுக்கு இடவப்பாதி என்று மலையாளிகள் சொல்லும் ஒரு ஜூன் மாத மழையில் ஆயுசு முடிந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். மெஸ்ஸுக்கு வந்த அரிசி மூட்டையை இறக்கப் போனவரின் இடது ஷூ அடிப்பாகம் கழன்று ஆற்றைப் பார்க்க மிதந்து போயிற்று. வேறு வழியில்லாமல் ரப்பர் செருப்புக்கு மாறினார். எங்களுக்குச் சைரனே போய்விட்டது. நல்லவேளை, ஷூ போன துக்கத்தில் அக்காவுக்குப் பாட்டு வந்துவிட்டது! மாடிப்படியில் கால் வைக்கும்போதே ஞானப்பாட்டு ஒன்றை எட்டு ஊருக்குக் கேட்க எடுத்துவிடுவார். சுருதி என்ற ஒன்றை அவர் வாழ்நாளில் சந்தித்ததில்லை. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பை ஒளித்தோம்.

ஆனால் செருப்பு குதிகாலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கால் வீங்கிவிட்டது. இந்த நேரத்தில்தான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அக்கா, கம்ப்யூட்டர்ல நம்ம இஷ்டத்துக்கு ஷூ செய்யலாம், தெரியுமா?” என்று கேட்டுவைத்தேன். என் ஆபீஸில் ஒருவன் காட்டிய அமெரிக்க வெப்சைட் அது. பிராட்பேண்ட் வந்த புதிது. ஹாஸ்டல் ஆபீஸ் அறையிலும் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது.

திரையில் ஒரு வெள்ளை ஷூ மெல்லச் சுற்றியது. எந்தப் பாகத்தைத் தொட்டு எந்த நிறத்தை அமுக்கினாலும் அந்த நிறம் ஏறிக்கொள்ளும்.

“எளா, நானே செய்யலாமா? கடக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டானா?”

“அவனே கடையத் திறந்து விட்டிருக்கான் அக்கா.”

“இது என்னதுட்டி?”

“அதுதான் நாக்கு.”

“ஷூவுக்குமா? இந்த ஹாஸ்டல்ல உள்ள நாக்கு போராதா?”

அவ்வளவுதான், ஆளைப் பிடித்துக்கொண்டது. தினமும் சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். குதிக்குப் பச்சை, பக்கத்துக்கு வயலட், கயிற்றுக்குச் சிவப்பு, நாக்குக்கு மஞ்சள். இத்தனை நிறம் எதற்கு என்று கேட்டால், “எல்லாத்துக்கும் ஒரே வெலதான்னு நீதானட்டி சொன்ன? பின்ன நம்ம எதுக்கு விடணும்?” என்பார். குதிகாலில் நாலைந்து எழுத்து பொறிக்கவும் இடம் இருந்தது. பிரேமா விளையாட்டாக, “சேசுன்னு போடுங்கக்கா” என்றாள். “ஆண்டவர் பேரக் காலுலயா போடுவாவ? சவமே!” என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது.

சாயங்கால கரண்ட் கட்தான் பெரிய எதிரி. சேமித்து வைக்கும் வித்தை அக்காவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் மறந்துவிடாமல் இருக்க இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, “நாக்கு மஞ்ச, குதி பச்ச, கயறு செவப்பு” என்று முணுமுணுப்பார். மகளைப் பார்க்க வந்த ஒரு தகப்பனார் ஜெபம் நடக்கிறது என்று நினைத்துக் கைகட்டி நின்றார். கரண்ட் வந்ததும் “ஆமென்” என்றார்.

கடைசியாக மிஞ்சியது அடிப்பாகம். இரண்டே வகைதான். ஒன்று தடித்த ரப்பர். எங்கள் சிவப்புத் தரையில் கிறீச் உத்தரவாதம். இன்னொன்று பஞ்சு மாதிரி. காலடி ஓசையே கேட்காது என்று அதற்குக் கீழே ஆங்கிலத்தில் பெருமை அடித்திருந்தான். மொட்டைமாடியில் அவசரக் கூட்டம் போட்டோம்.

“ஏட்டி, அந்தப் பஞ்சு மட்டும் வந்துச்சு, என் கத முடிஞ்சுது. மூணாவது போன் போன மறுநாளே எங்கப்பா வந்து வாசல்ல நிப்பாவ” என்றாள் பிரேமா. எப்பாடு பட்டாவது அக்காவை ரப்பரை வாங்க வைப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் நாங்கள் பேச்செடுக்கும் முன்பே அக்கா கேட்டார்.

“பிள்ளியளே, இந்த இங்கிலீஷு எனக்குப் பிடி கிட்டல்ல. இதுல எதுட்டி சத்தம் போடும்?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தோம். பிரேமா முகத்தைப் பச்சைக் குழந்தையாக வைத்துக்கொண்டாள்.

“இந்தப் பஞ்சுதான்க்கா. அய்யோ, ஊரக் கூட்டிரும்! ரப்பர்னா நடக்கதே தெரியாது.”

“சத்தியமாட்டா?”

“சத்தியமாக்கா.” நானும் பலமாகத் தலையாட்டினேன்.

அக்கா மோவாயைத் தடவினார். “அப்பம் பஞ்சே இருக்கட்டும்” என்று அதை அமுக்கினார்.

“சத்தம் போடுமேக்கா!” என்று பிரேமா கிட்டத்தட்டக் கத்தினாள்.

“போட்டா போட்டு. குதிகாலுக்கு எதமாட்டு இருக்கும்லா” என்று அக்கா முடித்துவிட்டார்.

அந்தக் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பாது. அக்காவின் தங்கை மகள் அமெரிக்காவில் நர்ஸ். பெரியம்மாவுக்குப் பரிசு என்று, அக்கா சொன்ன நிறங்களிலேயே பஞ்சு அடியோடு அவளே வாங்கி, கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தாள். மெஸ் ஹாலில் பெட்டியைத் திறந்ததும் ஒரே கூச்சல். பார்த்த கண் கூசியது. காலில் போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினோம். கிறிஸ்மஸ் அன்றைக்குத்தான் போடுவேன் என்று அக்கா மூடி வைத்துவிட்டார்.

கிறிஸ்மஸுக்கு முன் ஒரு கடைசி ரசம் என்று பிரேமா அன்று சாயங்காலமே அடுப்பை எடுத்தாள். புளியைக் கரைத்து, தாளிப்புக் கரண்டியில் கடுகைப் போட்டாள். கடுகு வெடிக்கிற நேரம் கதவு திறந்தது. வாசலில் பச்சையும் வயலட்டுமாக அக்கா!

சொல்லாமல் கொள்ளாமல் செக்ரட்டரி சார் சோதனைக்கு வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் செருப்போடு போவது மரியாதையில்லை என்று அக்கா புது ஷூவை மாட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். முழங்கால் வலிக்காரரான செக்ரட்டரி இன்னும் மாடிப்படியில்தான் ஏறிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்குவது இங்கே கேட்டது. பிரேமா கரண்டியும் கையுமாகச் சிலையாகிவிட்டாள். அப்பா வந்து பெட்டியைத் தூக்குவது அவள் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களைவிட அதிகமாக அதிர்ந்து போனவர் அக்காதான். அடுப்பைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

“எளா பாவி, இதுல ஒரு சத்தமும் வரல்லியே!” என்றார், அழாத குறையாக. “நீதானட்டி சத்தியம் பண்ணின, இதுதான் ஊரக் கூட்டும்னு! அதுக்காகத்தானட்டி இத வாங்கினேன்! இல்லேன்னா அந்த ரப்பர எடுத்திருப்பம்லா!”

அப்படியே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஷூ, அந்தப் பாட்டு, அந்த ரூம் ஸ்பிரே எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நான் அடுப்பை நோக்கிப் பாய்ந்தேன்.

வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் கேட்டது.

“கிறீச்... கிறீச்... கிறீச்...”

அக்காவின் குரல்! ஒவ்வொரு அடிக்கும் வாயாலேயே போட்டுக்கொண்டு வந்தார்.

“எந்தா இது சப்தம்? உங்களுக்கு என்னாச்சு?” செக்ரட்டரி கேட்டார். அவர் கரமனை அக்கிரகாரத்துக்காரர்.

“புது ஷூ சார். அமெரிக்கா.”

“ஷூ சப்தம் வாயிலேர்ந்துன்னா வரது!”

“பழகிட்டு சார். காலு நடந்தா வாயும் கூட நடக்கும். நீங்க இந்த ரூமப் பாருங்க. அந்த ஜன்னல் கொளுத்தயும் பாருங்க, ஆடுகு. கிறீச்... கிறீச்...”

ஒவ்வோர் அறையிலும் ஜன்னல் கொக்கி, ஆணி என்று ஒவ்வொன்றாகக் காட்டி அவரை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அக்கா எங்கள் அறைக்குக் கூட்டிவந்தார். அடுப்பு வாளிக்கு அடியில் போயிருந்தது. தாளித்த வாசனை மட்டும் நடு அறையில் நின்றது.

“என்ன மணம் இது?” என்றார் செக்ரட்டரி.

“ரூம் ஸ்பிரே சார்” என்றார் அக்கா. “நான்தான் வாங்கிக் குடுத்தேன்.”

செக்ரட்டரியை வழியனுப்பிவிட்டு அக்கா திரும்பி வந்து பிரேமாவின் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“கண்ணால கண்டா நான் சொல்லியாவணும். காணாதத எப்பிடிச் சொல்லுகது? அதுனாலதான் இத்தன வருசமும் சத்தம் போட்டுட்டு வந்தேன். ஒரு பொய் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்ல வச்சிட்டியளே, பாவியளா!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “செரி, அந்த ரசத்த ஊத்துட்டி.”

மறுநாள் நாங்கள் நாலு பேர் சாலைக் கடைத்தெருவில் ஏறி இறங்கினோம். கடைப்பையனைக் கேன்வாஸ் ஷூவில் நடக்கவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். “ஒச்சயுள்ளதா வேணும்? சத்தம் வந்தா அது டேமேஜ் அல்லே சேச்சி?” என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இருப்பதிலேயே கர்ணகடூரமாகக் கத்திய ஜோடியை வாங்கிவந்து அக்காவுக்குக் கொடுத்தோம். அமெரிக்க ஷூ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் என்றானது.

பிரேமா வீட்டுக்கு மூன்றாவது போன் போகவே இல்லை. வேலையும் போகவில்லை, ரசமும் நிற்கவில்லை. ஆனால் மாடிப்படியில் கிறீச் கேட்டால் முன்னைவிட வேகமாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினோம், ஜன்னலைத் திறந்து துண்டால் விசிறினோம். எங்களுக்காக அக்கா இன்னொரு பொய் சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே.