கதவு வைத்த நத்தைகள்

ராயபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் தாமஸ். சகல ஜனங்களுக்கும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், 1950-ஆம் வருஷம் சித்திரை மாதம், திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் வசிக்கும் லோகநாதன் என்பவர் நத்தைப் பண்ணை ஆரம்பித்தார்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வருஷம் ஊரெல்லாம் திட்டக் காய்ச்சல். கோழி வளர், தேனீ வளர், மொட்டை மாடியில் கத்தரி நடு என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ். லோகநாதனுக்கு மாடி ஏது? துறைமுகத்தில் கழித்துப்போட்ட மரப்பெட்டிகளில் மண் கொட்டினார். ஈரச் சாக்கு விரித்து, எண்ணூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு தூவி, பப்பாளி இலை போட்டு, முன்னூற்றுப் பன்னிரண்டு நத்தைகளை வளர்த்தார். கறி சமைக்க வாங்கிக்கொள்ள ஒரு பிரெஞ்சுக் கப்பல் சமையல்காரன் தயாராக இருந்தான்.

ஆனால் மனுஷனுக்கு உண்மையில் வேண்டியது ரேஷன் கார்டு. வீட்டில் ஐந்து வயிறு. கார்டுக்குக் கதவு எண் வேண்டும். மூன்று வருஷத்தில் பதினொரு மனு, அத்தனையும் நான் எழுதியது. வந்த பதில்: ‘மனுதாரர் குடிசையில் சாக்குத் திரை மட்டுமே உள்ளபடியால், கதவில்லாத இடத்துக்குக் கதவு எண் வழங்க இயலாது.’ சரியென்று ஒரு கதவு வைத்தார். உடனே அடுத்த காகிதம்: ‘புறம்போக்கில் கதவு வைத்தது ஆக்கிரமிப்பு.’ கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், படுபாவிகள்!

அப்போதுதான் சிற்றுயிர் அபிவிருத்தி இலாகா இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் பண்ணையைப் பார்வையிட எழுந்தருளினார்.

“லைசென்ஸ் எங்கே?”

“நத்தைக்கு இன்னா சார் லைசென்ஸ்?” என்றார் லோகநாதன்.

“ஆடு மாடு லிஸ்டில் வருமா?”

“பால் கறக்காது சார்.”

“அப்போ மீன் லிஸ்ட்.”

“தண்ணில போட்டா செத்துப்பூடும் சார்.”

இன்ஸ்பெக்டர் கோபத்தோடு ஒரு நத்தையை எடுத்தார். கூட்டின் வாயை வெள்ளைப் படலம் மூடியிருந்தது. விரலால் தட்டிப் பார்த்தார்.

“ஏன்யா இது மூடிக் கிடக்கு?”

“வெயிலு தாங்கல சார். உள்ளேர்ந்து கதவ சாத்திக்கினு தூங்குது.”

“கதவா?” இன்ஸ்பெக்டருக்கு முகமே மாறிவிட்டது. நோட்டைப் பிரித்து எழுதினார்: ‘ஓர் அறை. ஒரு வாசல். உள்ளிருந்து சாத்தும் கதவு. வசிப்பவர் ஒருவர், உறக்கத்தில்.’ கதவுள்ள குடியிருப்புக்கெல்லாம் எண் போட வேண்டும் என்பது விதியாம்.

“இதுவும் பொறம்போக்குல தானே சார் கீது?” என்று பக்கத்தில் நின்ற நான் வாயை விட்டேன்.

“நகர்ற கட்டடம் ஆக்கிரமிப்புல வராது. சட்டம் தெரியாமப் பேசாதீரும்!”

மறு வாரம் பெயிண்டர் வந்து ஒவ்வொரு நத்தையின் முதுகிலும் சிவப்பில் எண் போட்டுவிட்டுப் போனான். மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டரே ஒரு கட்டுக் கொண்டுவந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு ரேஷன் கார்டு, எல்லாம் நத்தைகளுக்கு.

லோகநாதன் சம்சாரம் பச்சையம்மா பொறுப்பாளா? பப்பாளி இலையை வாரி இன்ஸ்பெக்டர் மேலேயே வீசினாள். “அடப்பாவிங்களா! நத்தைக்குக் கார்டு, எம் புள்ளைங்க இன்னா மண்ணையா துன்னும்?”

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்வாங்கினார். “நத்தை கார்டுல நீங்க வாங்கினா மோசடி, தாயி. அது வீட்ல குடித்தனம் இருக்கறதா எழுதிக் கொடுத்தா மோசடி இல்லை. வீட்டுக்காரர் சம்மதம் வேணும், அவ்வளவுதான்.”

பன்னிரண்டாவது மனுவை எழுதினேன். நாற்பத்தேழாம் நம்பர் நத்தை மேல் தண்ணீர் தெளித்தோம். அரை மணி கழித்து அது படலத்தை உடைத்துத் தலை நீட்டி, மனுவின் குறுக்கே ஊர்ந்து பளபளவென்று ஒரு கோடு விட்டது. ‘வீட்டுக்காரர் கைநாட்டு, என் முன்னிலையில்’ என்று இன்ஸ்பெக்டர் சான்று போட்டார். அன்றைக்கு அரிசி வந்தது. உலை கொதிக்கும்போது பச்சையம்மா அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, அதில் என்ன வெட்கம்?

விஷயம் பரவாமல் இருக்குமா! குப்பம் மொத்தமும் ஆளுக்கொரு நத்தையில் குடியேறியது. நானும் இருநூற்றெட்டாம் நம்பர் நத்தையில். கப்பல் சமையல்காரன் கூடையோடு வந்தபோது, குடித்தனம் உள்ள வீட்டைத் தின்னக் கூடாது என்று துரத்தியடித்தோம். வியாபாரம் போச்சு. லோகநாதன் கவலைப்படவில்லை, நத்தைவாசிகள் சங்கத் தலைவராகி ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார். இப்போது மழை தூறினால் போதும், குப்பமே குனிந்து தன் விலாசத்தைத் தேடுகிறது.

போன வெள்ளிக்கிழமை ஆறுமுகநயினார் மறுபடி வந்தார். கையில் நோட்டு இல்லை, டிரங்குப் பெட்டி. பின்னால் சம்சாரமும் நாலு பிள்ளைகளும். யானைக்கவுனியில் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கிறாராம். படிக்கட்டுக்குக் கதவு இல்லை, அதனால் அவருக்கும் கார்டு இல்லை.

“ஐயா, ஒரு நத்தை காலி இருக்குமா?”

லோகநாதன் ஸ்டாம்பை உருட்டிக்கொண்டே யோசித்தார். பச்சையம்மா இடுப்பில் கை வைத்து இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கறி, மீனு துன்னுவீங்களா? எங்க நத்தைங்க எலைதழை துன்றதுங்க. கவிச்சி துன்றவங்களுக்கு வூடு குடுக்கறதில்ல.”

“சுத்த சைவம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர், மூச்சுவிடாமல்.

அப்படியே மனுவில் எழுதினேன். போன மாதம் எனக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டேன். திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் மீன் தின்கிறவர் ஒருவர்கூட இல்லை என்று இன்றைக்கு சர்க்கார் ரிக்கார்டு சொல்கிறது.