பாபநாசம் படித்துறைப் பேய்

கொக்கிரகுளம், திருநெல்வேலி
19.4.1996

மகா கனம் பொருந்திய ஆசிரியர் அவர்களுக்கு,

மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற சிவசண்முகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி ஞானம்பாளும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் பேனா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வார இதழில் வாலிபப் பிள்ளைகளுக்கென்று ‘உச்சிவெயில் காதலன்’ என்று ஒரு தொடர் வருகிறதே, செத்துப்போன பையன் ஒருவன் உச்சி வேளையில் மட்டும் வந்து கல்லூரிப் பெண்ணிடம் பேசுகிறானே, அவனுக்கு நிழல் கிடையாது, அவள் அவன் கையைத் தொட்டால் அவளும் செத்துப்போவாள் என்று போன வாரம் கொண்டுவந்து நிறுத்தினீர்களே, அதை என் ஒரே மகள் விஜயஸ்ரீ வாரம் தவறாமல் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வருகிறாள். பி.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிற பெண். கொஞ்ச நாளாகச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துகொள்கிறாள், சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்லப்பா’ என்கிறாள். பிள்ளைக்கு என்னதான் வந்துவிட்டது என்று பார்க்க, நானும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பழைய இதழ்களை எல்லாம் படித்தேன். அன்றிலிருந்து மத்தியானம் கொல்லைப்பக்கம் தனியாகப் போக எனக்கே பயமாக இருக்கிறது.

இந்தச் சித்திரை ஒன்றாம் தேதி குடும்பத்தோடு பாபநாசத்துக்குத் தலைமுழுகப் போனோம். சாமி கும்பிட்டு வெளியே வர உச்சியாகிவிட்டது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் குடையை விரித்துக்கொண்டு மகளைத் தேடினால் அவள் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருக்கிறாள், அடுத்த படியில் நெடுநெடுவென்று ஒரு பையன், அவனும் பொரி போடுகிறான். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்குத் தங்கள் தொடர் ஞாபகம் வந்து அவன் காலடியைப் பார்த்தேன். ஐயா, நிழல் இல்லை! முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கண் கூசுகிற வெயிலில் கல் மேல் ஓர் ஆள் நிற்கிறான், நிழலைக் காணோம். “ஏட்டி விஜயா!” என்று கத்தினேன். அவள் திரும்புவதற்குள் அவன் கூட்டத்தில் மறைந்துவிட்டான். பேய் இல்லாமல் வேறென்ன?

வீட்டுக்கு வந்து ஞானம்பாளிடம் சொன்னேன். மாரில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று பார்த்தால், “பேயோ பிசாசோ, எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டியளா?” என்கிறாள். “நம்ம சைவப் பிள்ளைமாருல செத்த பிள்ளையா இருந்தா ஒரு கும்பிடு போட்டு நல்லவிதமா சொல்லிப் பாக்கலாம். கண்டவனா இருந்தா என்ன செய்ய?” எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கோடாங்கி பூதத்தானைக் கூட்டி வந்தேன். அவர் உடுக்கையைத் தட்டிவிட்டு, “இது காளப் பேயி அண்ணாச்சி, கல்யாணமாவாமச் செத்த பய. கருஞ்சேவல் அறுக்கணும்” என்றார். எங்கள் வீடு முட்டைகூட வாசல் தாண்டாத வீடு. “பூசணிக்கா வெட்டினாப் போதாதாவே?” என்று கெஞ்சினேன். “பூசணிக்காயத் திங்கதுக்கா அது பாபநாசத்துலேர்ந்து பஸ் ஏறி வருது?” என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரும்பு இருந்தால் அண்டாதாம், அதனால் பழைய தாழ்ப்பாள் ஒன்றை அவள் கல்லூரிப் பையில் போட்டு வைத்தேன். அது பஸ்ஸில் யாரோ ஓர் அம்மாள் கால் மேல் விழுந்து, அந்த அம்மாள் ஜங்ஷன் வரைக்கும் என் வம்சத்தையே திட்டிக்கொண்டு வந்ததாகக் கேள்வி.

ஐயா, எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளை அது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுமோ என்று சோறு இறங்கவில்லை. தயவுசெய்து அடுத்த இதழிலேயே அந்தப் பையனைக் கொன்றுவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே செத்தவனை எப்படிக் கொல்வது என்பது தங்கள் எழுத்தாளர் பாடு. அந்தப் பெண்ணுக்கு உயிருள்ள மாப்பிள்ளையாக, முடிந்தால் அரசாங்க உத்தியோகத்தில், பார்த்து முடித்துவைக்கட்டும். அதைப் படித்தாவது என் மகளுக்குப் புத்தி வரும்.

நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் தங்கள் குடும்பத்தில் உள்ள பெரியவர், சிறியவர் எல்லோரையும் ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
மு. சிவசண்முகம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது விஜயஸ்ரீ வந்து, “ஏம்ப்பா ஒரு மாதிரியா இருக்கிய?” என்றாள். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “அப்பா, சித்திரை ஒண்ணாந்தேதியை ஒட்டி நம்ம பக்கம் சூரியன் நேர தலைக்கு மேல வரும். அந்த உச்சி வேளையில யாருக்குமே நிழல் சாயாது. எனக்கும்தான் இல்ல, பாத்தியளா? குடைக்குள்ள நின்னா எப்படித் தெரியும்?” என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தாள். “அப்ப அவன் உசிரோட உள்ளவனாட்டி?” என்று கேட்டேன். “உசிரோடதாம்ப்பா இருக்காரு. மேலப்பாளையம். பேரு யூனுஸ்” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஐயா, பேய்க்குப் பயந்தேனே, அதெல்லாம் ஒரு பயமா? இந்து, முஸ்லிம் என்று ஊர் இருக்கிற இருப்பில் இது வெளியே தெரிந்தால் எங்கள் ஆட்களும் சும்மா இருக்க மாட்டார்கள், அவர்கள் ஆட்களும் சும்மா இருக்க மாட்டார்கள். எனக்கு என்ன முடிவு எடுப்பது என்று தெரியவில்லை. மகள் அழுவதை மட்டும் பார்க்க முடியவில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள், அந்தப் பையனைக் கொல்ல வேண்டாம். பாபநாசத்தில் என் மகளோடு நின்றது பேய்தான், என் கண்ணால் பார்த்தேன் என்று தெருவில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். பேயைத் தேடிக்கொண்டு யாரும் அரிவாளோடு போக மாட்டார்கள்.