சம்ப்பில் வளர்ந்த விரால்

டிக்கிக்குள் மீன் உதைத்தது. ஒருமுறை, இருமுறை, பிறகு விடாமல். படூரில் தன் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்த ஸ்டான்லிக்கு அந்தச் சத்தம் கேளம்பாக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி இருந்தது.

இரண்டு கிலோ விரால். செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றுத் தடுப்பணையில், பங்குனி வெயிலில் தண்ணீர் வற்றிக் கோரை தலைகாட்டும் கரையோரத்தில், தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை வீசி இழுத்து வீசி இழுத்து அவனே பிடித்தது. ராடும் ரீலுமாக ஐந்து வருஷம் அலைந்தவன் வாழ்க்கையில் பிடித்த முதல் மீன். ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டியவன் இப்படித் திருட்டு முழி முழித்ததற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு அவன் மீன் பிடித்திருக்கவே கூடாது.

அது லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். மனைவி ஜெனிஃபர் சீரியலை விட்டாள். ஸ்டான்லி மீன் பிடிப்பதை விடுகிறேன் என்று சர்ச்சில் முழங்காலில் நின்று சொன்னான். எப்படியும் மாட்டாத மீனை விட்டுக்கொடுப்பதில் தனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று உள்ளுக்குள் நினைத்தது ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து வாரம் தாக்குப்பிடித்தான். கடைசிக்கு முந்தின சனிக்கிழமை கை அரிப்பு தாங்கவில்லை. சிறுசேரி ஆபீசில் அவசர வேலை என்று ஜெனிஃபரிடம் சொல்லிவிட்டு, வண்டியைத் தடுப்பணைக்கு விட்டான். அன்றைக்குப் பார்த்தா ஒரு விராலுக்குப் புத்தி கெட வேண்டும்?

ஆற்றிலேயே திருப்பி விட்டிருக்கலாம். விடத்தான் குனிந்தான். மாமனார் ஞாபகம் வந்துவிட்டது.

மாமனார் சதுரங்கப்பட்டினத்துக்காரர். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் என்றைக்குச் செத்தது என்று கிழமையோடு சொல்வார். வருஷா வருஷம் ஈஸ்டர் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு மகள் வீட்டுக்கு வருவார். வந்ததும் மூலையில் சாத்தியிருக்கும் ராடைக் கையில் எடுத்து, "மாப்ள, பால்கனில ரெண்டு ஆணி அட்ச்சு இத்த மாட்டு. துணியாச்சும் காயும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஸ்டான்லியும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அந்தச் சிரிப்பு அவனுக்கு ஐந்து வருஷமாக ஆறவில்லை. இந்த ஈஸ்டருக்கு அவர் தட்டில் தான் பிடித்த மீனை வைக்காவிட்டால் தான் மனிதனே இல்லை என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

ஆகவே மீன் எட்டு நாள் உயிரோடு இருந்தாக வேண்டும். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்ததும், விரதம் முடித்த உத்தமனாக ராடோடு கிளம்பி, இதே மீனைப் புதிதாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஜெனிஃபர் பார்ப்பாள். அவளுக்குத் தப்பினாலும் மாமனார் செவுளைப் பார்ப்பார். பாத்ரூம் பக்கெட்டில் விட்டால் ரகசியம் ஐந்து நிமிஷம் தாங்காது. மிச்சம் இருந்தது, மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் தேக்கி வைக்கும் தரையடித் தொட்டியான சம்ப் ஒன்றுதான்.

வாட்ச்மேன் கண்ணாயிரத்தை டீ வாங்க அனுப்பிவிட்டு மூடியைத் தூக்கினான். விரால் சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி உள்ளே போனது. மறுநாளிலிருந்து பன்னிரண்டு குடும்பமும் மீன் குளித்த தண்ணீரில் குளித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டான்லி மட்டும் தினமும் சாயங்காலம் சப்பாத்தித் துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாக்கிங் போனான். அந்த வாக்கிங் சம்ப் வரைக்கும்தான்.

திங்கட்கிழமை காலையில் வினை ஆரம்பித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் விஜயகுமாரி தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர், உள்ளே கறுப்பாக நீளமாக ஒன்று நெளிவதைக் கண்டு வாட்ஸ்அப் குழுவில் பாம்பு என்று போட்டுவிட்டார். பத்து நிமிஷத்தில் பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அவர் வந்தால் முதலில் பிடிபடுவது மீன், அடுத்தது ஸ்டான்லி. பதறிப்போய், தான் நேரில் பார்த்ததாகவும், பாம்பெல்லாம் இல்லை, வெறும் பாசி என்றும் குழுவில் எழுதினான்.

பாசி என்றால் அதற்கு மருந்து தன்னிடம் இருக்கிறது என்று விஜயகுமாரி பதில் போட்டார். செவ்வாய்க்கிழமை ஸ்டான்லி ஆபீசில் மீட்டிங்கில் இருந்தபோது போனில் படம் வந்தது. சம்ப் ஓரத்தில் அவர் நின்றிருந்தார். கையில் பிளீச்சிங் பவுடர் பை. பை காலி.

வயிற்று வலி என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினான். வலி நிஜமாகவே வந்துவிட்டது. ஆனால் ஓ.எம்.ஆர். டிராபிக் அவன் வயிற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. வீடு வந்து சேர இருட்டிவிட்டது. மூடியைத் திறந்து, செத்துப்போன மீனைப் பார்க்க மனதைத் திடப்படுத்திக்கொண்டு டார்ச் அடித்தான். விரால் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. ஆள் கொஞ்சம் வெளுத்திருந்தது, கொஞ்சம் இளைத்தும் இருந்தது. பிளீச்சிங் பவுடரில் துணியே வெளுத்துச் சுருங்குகிறதே, மீன் சுருங்காதா என்று நினைத்துக்கொண்டான். தன்னைப் போன்ற பொய்யனுக்கும் ஆண்டவர் இரங்குகிறாரே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிமேல் ஒளித்துப் பயனில்லை. புதன்கிழமை குழுவில் பாதி உண்மையை எடுத்து விட்டான். அது மீன், கொசுப்புழுவைத் தின்பதற்காக யாரோ நல்ல மனசோடு விட்டிருக்கிறார்கள், எதையும் கொட்டி அதைக் கொன்றுவிடக் கூடாது என்று எழுதினான்.

அதைப் படித்ததும் விஜயகுமாரி அடியோடு மாறிப்போனார். திருக்கழுக்குன்றம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கிணற்றில் மீன் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் மீன் சங்கத்துச் சொத்தாகிவிட்டது. பிள்ளைகள் பிஸ்கட்டோடு வரிசையில் நின்றன. சம்ப் மூடிக்கு மஞ்சள் குங்குமம் ஏறியது. வியாழக்கிழமை விஜயகுமாரி ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலைத் தண்ணீருக்குள் கவிழ்த்ததைப் பார்த்து ஸ்டான்லி பதறினான்.

"அக்கா, மீனு பொங்கலெல்லாம் துன்னாதுக்கா."

"நெய் வாசன வந்தா எதுவும் துன்னும். நீ கம்னு இரு தம்பி" என்றார் அவர்.

புனித வெள்ளி அன்று மூன்று மணி நேர ஆராதனையில் அவன் ஜெபம் முழுக்க அந்த மீனைப் பற்றித்தான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக சம்ப்பைப் பார்த்தான். மீன் செழித்திருந்தது. போன வாரத்துக்கு ஒரு சுற்று பெருத்து, வாலை வீசிய வீச்சில் அவன் சட்டை நனைந்தது. பொங்கலை இனி லேசாகப் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குள் சனிக்கிழமை அடுத்த குண்டு விழுந்தது. வெளி ஆள் யாராவது மீனைத் திருடிவிடக் கூடாது என்று விஜயகுமாரி மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கண்ணாயிரத்திடம் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகளுக்கு மீன் காட்டப்படும் என்று குழுவில் அறிவிப்பும் வந்தது. அவன் பிடித்த மீனை அவனே எடுத்தால் இப்போது பன்னிரண்டு வீட்டுக்குத் துரோகம். எடுக்காவிட்டால் மறுபடியும் பால்கனி, இரண்டு ஆணி. பிள்ளைகளை ஒருபக்கமும் மாமனாரை ஒருபக்கமும் வைத்து ஒரு நாள் முழுக்க யோசித்தான். மாமனார்தான் கனமாக இருந்தார்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வந்ததும், லெந்துதான் முடிந்துவிட்டதே, தடுப்பணைக்கு ஒரு நடை போய் வருகிறேன் என்று ஜெனிஃபரிடம் மெதுவாகப் போட்டான். அப்பா ஒன்பது மணிக்கு வந்துவிடுவார், அதற்குள் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தேங்காய் துருவப் போனாள். இவ்வளவு சுலபமாக விடுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கீழே கண்ணாயிரத்திடம், மோட்டார் சத்தம் ஒரு மாதிரியாக இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று சாவி கேட்டான். கண்ணாயிரம் ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஸ்டான்லி ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, சம்ப்புக்குள் ரப்பர் தவளையை இறக்கினான். இரண்டாவது இழுப்பில் மீன் பாய்ந்து கவ்வியது. ராடு வளைந்தது. ஒரு நொடி, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்து அவன் சந்தோஷப்பட்டான்.

மீனை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு, கோவளம் பக்கம் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மாமனார் மீனை இரண்டு கையாலும் வாங்கினார். செவுளைத் தூக்கினார். மோந்து பார்த்தார். கூடம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இன்னிக்கு மீனு," என்றார். "மாப்ள, நான்தான் இத்தினி வருஷம் வாய வெச்சுக்கினு சும்மா இல்லாம பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

அதற்கப்புறம் ஸ்டான்லியைக் கையில் பிடிக்க முடியவில்லை. மீன் அவனை எப்படிக் கோரைக்குள் இழுத்தது, நூல் எப்படி அறுக்கப் பார்த்தது, தான் எப்படி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான் என்று சொல்லச் சொல்ல மீனுக்கு எடை கூடிக்கொண்டே போனது. பேண்ட் ஏன் நனையவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஜெனிஃபர் குழம்பை ஊற்றிக்கொண்டே சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் நடுத்துண்டை எடுத்து மருமகன் தட்டில் வைத்தார்.

மூன்றாவது வாயில்தான் நாலு மணி ஞாபகம் வந்தது. பிள்ளைகள் வருவார்கள். மூடி திறக்கும். உள்ளே வெறும் தண்ணீர் இருக்கும். மாடியில் மீன் குழம்பு மணக்கும். விஜயகுமாரி அக்காவுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க ரொம்ப நேரம் ஆகாது. அவர் மேலே ஏறி வந்து கேட்டால், அதுவும் மாமனார் முன்னால்.

கை கழுவப் போகிறவன் மாதிரி எழுந்து கீழே ஓடினான். ஜெனிஃபர் கொடுத்தனுப்பியிருந்த சாப்பாட்டைக் கண்ணாயிரம் முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பூட்டு உடைந்திருந்தது, மீனைப் பூனை தூக்கிப் போய்விட்டது என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஸ்டான்லி அவரிடம் கெஞ்சினான். அவர் எழுந்து போய் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு விரால், வாலை ஆட்டிக்கொண்டு, மேலே பார்த்தது.

ஸ்டான்லி மீனைப் பார்த்தான். கண்ணாயிரத்தைப் பார்த்தான். மறுபடியும் மீனைப் பார்த்தான்.

"இன்னா சார் முழிக்கிறீங்க? நீங்க வுட்ட மீனு செவ்வாக்கெயமையே பிளீச்சிங் பவுடர்ல பூட்ச்சு," என்றார் கண்ணாயிரம். "ரெண்டாவது மீனு செகரட்டரியம்மா போட்ட பொங்கல்ல பூட்ச்சு. மூணாவத மேல ஒங்க மாமனாரு துன்னுகினு கீறாரு. இது நாலாவது. நேத்து மறுபடியும் கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்கு என்னை அனுப்பும்போதே, உள்ள கீறத அவுரு எப்டியும் தூக்கிடுவாரு, புள்ளைங்க ஏமாந்துடும், இன்னொண்ணு வாங்கியான்னுட்டாங்க ஜெனிஃபர் மேடம்."