நுளம்பரின் நீலப் பரல்

டிசம்பர் மூன்றாந் திகதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, முற்றத்தில் மழைநீர் தேங்கிய சிரட்டைகளைக் கவிழ்த்து, வாசலைப் பெருக்கி, தேநீர் வைத்தேன். டெங்கு நுளம்பு கடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவி பத்மா அன்று வீடு திரும்புகிறாள். இன்னொரு தரம் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆரையம்பதி நுளம்புகள் கூட்டம் கூடித் தலைவரைத் தெரிவு செய்தால், ஊரார் 'நுளம்பர்' என்று அழைக்கும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போட்டியின்றி வெல்வார். ஓய்வுபெற்ற தபாலதிபர். எந்த உயிரையும் கொல்வதில்லை என்பது அவர் விரதம். சீனிப் போத்தலில் எறும்பு ஏறினால், கடைசி எறும்பு இறங்கும்வரை வெறுந்தேநீர்தான். ஒருமுறை கரப்பான் பூச்சியொன்றைத் தகரப் பேணியில் அடைத்து, சைக்கிளில் கொண்டுபோய் வாவிக்கரையில் விட்டார். திரும்பி வந்தபோது அது அவருடைய சேட்டுப் பைக்குள் இருந்தது.

சிக்கல், அவர் மழைநீர் பிடிக்கும் இடுப்பளவுப் பீப்பாய், அந்த நீலப் பரல். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. அன்று காலை வந்த சுகாதாரப் பரிசோதகர் அதைக் கவிழ்க்கச் சொன்னார்.

"பச்சைப் பிள்ளையளை மண்ணில ஊத்தவா, ஐயா?"

"அப்ப மீன் விடுங்க. அது தின்னும்."

"மீனைக் கூட்டி வந்தா அந்தப் பாவம் எனக்குத்தானே?"

பரிசோதகர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். "வெள்ளிக்கிழமை வருவன். அப்பவும் இருந்தா கோட்டுல வழக்குத்தான்."

மாலையில் நுளம்பர் செவ்விளநீரோடு பத்மாவைப் பார்க்க வந்தார்.

"அண்ணன், உங்கட பிள்ளையள் வளந்தா முதல்ல எங்க வருவாங்க எண்டு நினைக்கீங்க?" என்றாள் பத்மா.

அவர் சேட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே அமர்ந்தார். "பயப்பிடாத புள்ள. நான் இரிக்கன். என்னைக் கடிக்கட்டும்."

ஒரு நுளம்பு வந்தது. அவருடைய விசாலமான முதுகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிடிக்கவில்லை போலும், பத்மாவின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. அவர் ஊதினார். பறந்து, திரும்பி வந்தது.

"அங்கால போ மனே" என்று கெஞ்சினார். போகவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ அடி."

"எனக்கு ஏலா அண்ணன். அது உங்கட வீட்டு ஆள்."

"ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்றாள் பத்மா. "அதுக்குள்ள அது குடிச்சு முடிச்சிரும்."

பட்டென்று ஒரு சத்தம். நுளம்பர் தன் உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தார். பிறகு சேட்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளும் ஐந்து மணிக்கே எழுந்தேன். சிரட்டைகளிடம் போகுமுன் வேலிக்கு அப்பால் அவர் குரல் கேட்டது. பரலின் முன் கைகூப்பி நின்றார்.

"மன்னிச்சிருங்க பிள்ளையள்."

பரலைப் பிடித்தார். சரிக்கத் தொடங்கினார். பாவம் முழுவதையும் அவர் ஒருவரே சுமக்க வேண்டாமென்று, முதல் வேலையாகப் போய் மறுபக்கத்தை நான் பிடித்தேன்.